நீ வாசிக்காமல் விட்ட வரி

தம்பி,

போன மாதம் விடுதி ஸ்டோர் அறைக்கு வெள்ளையடித்தார்கள். பருப்பு மூட்டை, எண்ணெய் டின், காது போன அண்டா என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டபோது மேல் தட்டிலிருந்து ஒரு கட்டு பழைய நோட்டும் வந்து விழுந்தது. மேலே கிடந்த நோட்டை எடுத்துத் தட்டினேன். சுக்கும் மஞ்சளும் கலந்த வாசனை அடித்தது. அட்டையில் இரண்டு சொல் எழுதியிருந்தது. கஞ்சி நோட்டு. விரல் வைக்காமலே வாசித்துவிட்டேன்.

இதை உன்னிடம் சொல்ல வேண்டும். இப்போது எழுத்து என்று எதைக் கண்டாலும் நான் விடுவதில்லை. கடைப் பலகை, சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி, உப்புப் பாக்கெட்டின் முதுகு, எல்லாம் வாசிக்கிறேன். பஸ் நிலையத்தில் நின்று, எனக்குப் போக வேண்டாத ஊர்ப் பெயரையெல்லாம் வாசித்து, ஏற வேண்டிய பஸ்ஸை இரண்டு தடவை விட்டிருக்கிறேன். நீ போன பிறகு நூலகத்தில் நடக்கும் மாலை வகுப்பில் சேர்ந்தேன். "அண்ணாச்சி, எல்லாரும் போயிட்டாவ. மிச்சத்தை நாளைக்குப் படிக்கலாம்" என்று டீச்சர் சொல்லித்தான் என்னை எழுப்புவார். அறுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். நம் பையன்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மூன்றாம் அறை முத்துக்குமார், வயிற்றுப்போக்கு, மோர் சாதம். பதினெட்டாம் அறை சாமுவேல், அம்மை, தனி அறையில் வைக்கவும். எல்லாரையும் திரும்பப் பார்த்தது போல இருந்தது. மாசி மாதத்துப் பக்கங்கள் வந்தன. ஒரு பக்கத்தில் நாலு பெயரைத் தாண்டி ஐந்தாவது வரியில் உன் பெயர் இருந்தது. அடுத்த பக்கத்திலும் இருந்தது. அதற்கு அடுத்ததிலும்.

யார் துணையும் இல்லாமல் நான் முழுசாக வாசித்த முதல் கையெழுத்துப் பக்கம் அது. நீ என்னை ஏமாற்றிய பக்கமும் அதுதான்.

உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதப் போகிறேன். எழுதினால்தான் எனக்கே ஒழுங்காக விளங்குகிறது. நம் விடுதியில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் கல்லூரி மருந்தறைக்குப் போய் நர்ஸம்மாவைப் பார்க்க வேண்டும். அந்த அம்மா பெயர், அறை எண், என்ன நோய், என்ன சாப்பாடு என்று ஒரு வரி எழுதி நோட்டைச் சமையலறைக்கு அனுப்புவார். அதைப் பார்த்து நான் கஞ்சி வைக்க வேண்டும். ஒரே பெயர் மூன்று நாள் தொடர்ந்து வந்தால் நான் வார்டனிடம் சொல்ல வேண்டும். வார்டன் அந்தப் பையனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். முப்பது வருஷமாக இதுதான் நடைமுறை. எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் மெஸ் செயலாளராக இருக்கும் மாணவன் நோட்டை வாசித்துக் காட்டுவான். உன் மூன்றாம் வருஷத்தில் அந்தச் செயலாளர் நீ.

உன்னைவிட நல்ல செயலாளரை நான் பார்த்ததில்லை. இதையும் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பையன்கள் காலையில் ஒன்றும் தின்னாமல் வகுப்புக்கு ஓடுகிறார்கள் என்று இட்லி நேரத்தை முன்னால் மாற்றினாய். கை கழுவும் இடத்துக்கு மேலே பெரிய தாளில் சிவப்பு மையால் எழுதி ஒட்டினாய். தண்ணீர் குடி. ஏழு மணி நேரம் தூங்கு. வெயில் ஏறுமுன் நட. மனம் கனத்தால் ஒருவரிடம் பேசு. பையன்கள் உனக்கு சுகாதார மந்திரி என்று பெயர் வைத்தார்கள்.

"ஏலே, மந்திரி வாராம்லே. தம்ளரைக் கையில எடு."

"தண்ணி குடிச்சாச்சு மந்திரி. தூங்கியும் ஆச்சு. கணக்கு வகுப்புல."

நீயும் சிரிப்பாய். "பரீச்சைக்கு முந்தின நாளு தலை சுத்துதுன்னு எங்கிட்டதான்லே வருவிய. அப்பம் பாத்துக்கிடுதேன்."

அந்தத் தாளில்தான் எனக்குப் படிப்பு தொடங்கியது. அது எப்படித் தொடங்கியது என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். நாலாவது வரியை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "ஒங்களுக்கு அப்படி ஏதும் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டாய். சும்மா கேட்டாயோ என்னவோ. நான் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த இரண்டு மாத்திரை அட்டையை, சீட்டு வாசிக்கத் தெரியாமல், பதினைந்து நாள் நேரம் மாற்றிக் கொடுத்ததை. அதனால்தான் போனாள் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. பெற்ற மகனிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. நீ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாய். "நாளையிலேர்ந்து படிப்போம்" என்றாய்.

மத்தியானப் பந்தி முடிந்து பாத்திரம் கழுவப் போன பிறகு, மெஸ் மேசையில் தினமும் கால் மணி நேரம். கரும்பலகையில் நீ எழுதுவாய், அதன் மேலேயே நான் எழுதுவேன். "பைய எழுதுங்க அண்ணாச்சி, எழுத்து எங்கயும் ஓடிறாது" என்பாய். சிவப்பு மைத் தாளில் இருந்த வரிகள்தான் என் முதல் பாடம். நான் ஒரு கிறுக்கன். எழுத்தைப் படித்ததோடு விடாமல் எழுதியிருந்ததையும் செய்தேன். விடிந்ததும் கல்லூரி மைதானத்தை இரண்டு சுற்று நடந்தேன். முட்டி வலி குறைந்தது. சாயங்காலம் காப்பியை விட்டேன். தூக்கம் வந்தது. வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன்.

வாத்தியார் எதையும் செய்யவில்லை என்று இப்போது தெரிகிறது.

தை முடியும்போதே உன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "என்னலே, மொகம் இப்படி ஆயிட்டு?" என்று கேட்டேன்.

"ஓடுதேம்லா அண்ணாச்சி. மூணு ரவுண்டு. கொழுப்பு கரையுது."

"ஒங்கிட்ட எங்கலே இருந்துது கொழுப்பு?"

"வாய்ல இருந்துதுன்னு எங்கம்மை சொல்லுவா."

சிரித்துவிட்டேன். மைதானத்தில் நான் ஒரு நாளும் உன்னைப் பார்த்ததில்லை. நீ எனக்கு முன்னால் வந்து போய்விடுகிறாய் என்று நானாக நினைத்துக்கொண்டேன். மெஸ் செயலாளர் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுவது வழக்கம். அப்போது நான் பின்கட்டில் அடுப்பைக் கழுவிக்கொண்டிருப்பேன். நீ சாப்பிட்டாயா, கொட்டினாயா என்று பார்க்க யாரும் இல்லை. ஆய்வகத் தேர்வு, புராஜெக்ட், வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிக்குப் பயிற்சி என்று எதைத் தொட்டாலும் நீ இருந்தாய். வகுப்புக்கு வராத நாள் ஏற்கெனவே கூடிவிட்டது, இன்னும் இரண்டு நாள் விட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள் என்று சாமுவேல்தான் பிற்பாடு சொன்னான். நீ சொல்லவில்லை.

நோட்டில் உன் பெயர் வந்த அந்த ஒன்பது நாளும் எனக்கு நன்றாக நினைவு இருக்கிறது. முதல் நாள் நாலு பெயர் வாசித்தாய். நான் நோட்டைப் பார்த்தேன். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, எண்ணத் தெரியும். ஐந்து வரி இருந்தது.

"அஞ்சாவது யாருலே?"

"அது ஆளு இல்ல அண்ணாச்சி. நர்ஸம்மா கையெழுத்து."

"முந்தியெல்லாம் கையெழுத்து ஓரத்துல கொக்கி மாதிரில்லா இருக்கும்?"

"இப்பம் முழுப் பேரும் போடணும்னு சொல்லிட்டாவளாம்."

நம்பினேன். ஏன் நம்பமாட்டேன். நாலு தம்ளர் கஞ்சி ஊற்றினேன். நீயே தட்டில் வைத்து மாடிக்குக் கொண்டுபோனாய். காய்ச்சலோடு நாலு பேருக்குக் கஞ்சி சுமந்தாய், தம்பி.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ நானே வாசிக்கிறேன் என்று நோட்டைப் பிடுங்கினேன். அப்போது உயிரெழுத்து முழுதும், க வரிசை, த வரிசை வரைக்கும் எனக்குப் பழகியிருந்தது. இரண்டாவது பெயரை எட்டிப் பிடித்துவிட்டேன். நீ கைதட்டினாய். அடுத்த வரிக்கு இறங்கும்போது நோட்டை மெல்ல மூடிவிட்டாய். "கூட்டெழுத்து அண்ணாச்சி, கண்ணுக்குக் கேடு. அடுத்த மாசம் இதைத்தான் படிக்கப் போறோம்" என்றாய். உன் விரல் என் விரல் மேல் பட்டது. சுட்டது. "கை சுடுதே" என்றேன். "பாத்திரம் சூடுல்லா" என்றாய்.

மற்றதெல்லாம் போகட்டும். வாசிக்கத் தெரியாதவன் வீட்டில் என்ன நடந்தது என்று உனக்கு மட்டும்தான் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே என்னை இரண்டாவது தடவையும் வாசிக்கத் தெரியாதவனாக நிறுத்திவிட்டாய். எனக்கு ஆறாதது அதுதான்.

நர்ஸம்மா எழுதியிருந்ததை இப்போது பார்க்காமலே சொல்வேன். காய்ச்சல், கஞ்சி மட்டும். மறுநாள், காய்ச்சல் இறங்கவில்லை, படியிலேயே உட்கார்ந்துவிட்டான், ஓய்வு. மூன்றாம் நாள், குடல் காய்ச்சல் போல இருக்கிறது, ரத்தம் பார்க்கச் சொல்லியும் போகவில்லை. ஆறாம் நாள், பல வாரமாகத் தூக்கம் இல்லை என்கிறான், மனநல ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும். மூன்று நாள் ஆனால் சமையலறையிலிருந்து வார்டனுக்குச் சொல்வார்கள் என்று அந்த அம்மா இருந்திருக்கிறார். சமையலறையில் நான் நாலு தம்ளரோடு இருந்தேன்.

தேர்வு முடிந்த அன்றே நீ உன் ஊரான ஏரலுக்குப் போனாய். பிள்ளை மூன்று மாதம் கழித்து வருகிறான் என்று உன் அம்மா விளைமீன் வாங்கிக் குழம்பு வைத்திருக்கிறாள். நீ மறுக்காமல் சாப்பிட்டிருக்கிறாய். மறுநாள் வயிற்று வலி என்று சுருண்டாய். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருமுன் குடல் ஓட்டை விழுந்துவிட்டது. இரண்டு நாள்தான் இருந்தாய்.

பதினாறாம் நாள் வேன் பிடித்து எல்லாரும் வந்தோம். உன் அம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒங்களப் பத்திதான் அண்ணாச்சி எப்பமும் பேசுவான். நீங்க பொய் சொல்ல மாட்டிய. ரெண்டு மூணு வாரமாவே காய்ச்சல் இருந்துருக்கும்னு டாக்டர் சொல்லுதாவ. அங்கன அவனுக்குக் காய்ச்சல் இருந்துதா?"

"இல்ல தாயி. நோட்டுல அவன் பேரு ஒரு நாளும் வந்ததில்ல. ஊருக்குப் பொறப்படுத அன்னைக்கும் சிரிச்சுக்கிட்டுத்தான் போனான்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்பம் நான் வச்ச கொழம்புதான். டாக்டர் என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்லியிருக்காவ" என்றாள். அழவில்லை. அதற்குப் பிறகு அவள் அடுப்பில் மீன் ஏறவில்லை என்று கேள்விப்பட்டேன். தன் கைச் சோற்றைத் தானே உண்ணப் பிடிக்காமல் அக்காள் வீட்டில் போய்ச் சாப்பிடுகிறாள் என்றும் கேள்விப்பட்டேன். ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் நான் அதைச் சொன்னேன். ஒன்றே முக்கால் வருஷம் அவள் தன்னைப் பிள்ளையைக் கொன்றவள் என்று நினைத்துக்கொண்டு இருந்தாள். டாக்டர் சொன்னதைத் தள்ளிவிட்டு என் வார்த்தையை நம்பி இருந்தாள். நீ எனக்கு வாசித்துக் காட்டிய பொய்யை நான் உன் அம்மாவுக்கே சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன், தம்பி.

நோட்டை வாசித்த மறுநாள் கம்ப்யூட்டர் படிக்கும் பையன் ஒருவன் சமையலறைக்கு வந்தான். அவன் பெயர் அன்று மூன்றாவது நாளாக வந்திருந்தது. "அண்ணாச்சி, வார்டன்கிட்ட சொல்லிராதிய. நாளைக்கு எனக்கு செமினார் கெடக்கு" என்றான். உன்னைப் போலவே அழகாகச் சிரித்தான். நேரே வார்டன் அறைக்குப் போய்ச் சொன்னேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "கெழவனுக்கு வேற சோலி இல்ல" என்று என் காதுபடச் சொன்னான். சொல்லட்டும். சொல்வதற்கு அவன் இருக்கிறான்.

உன் அம்மாவிடம் போவதுதான் பெரிய பாடாக இருந்தது. ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது, பிள்ளை பொய்க்காரன் என்று தெரிந்தால் இன்னும் நொந்துபோவாளே என்று யோசித்தேன். அப்படி நினைத்து நினைத்துத்தானே நீயும் எல்லாரிடமும் மறைத்தாய் என்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏரல் பஸ் ஏறினேன். பலகையை நானே வாசித்துத்தான் ஏறினேன். அந்த நேரத்திலும் அதில் ஒரு சந்தோஷம் வந்தது, என்ன செய்ய.

ஆற்றுப் பாலம் தாண்டி, வாழைத் தோட்டத்து வரப்பில் உன் அம்மா இலைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் நோட்டை எடுத்து, எந்த முன்னுரையும் இல்லாமல் முதல் நாள் வரியை வாசித்தேன். உன் பெயர் வந்ததும் அவள் கை நின்றது.

பிறகு கேட்டாள். "அன்னைக்கு இல்லன்னு சொன்னதும் நீங்கதான். இன்னைக்கு இருந்துதுன்னு சொல்லுததும் நீங்கதான். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் எத நம்புவேன், அண்ணாச்சி?"

"அன்னைக்குச் சொன்னது அவன் வாசிச்சுக் காட்டுனது தாயி. இது நானே வாசிச்சது."

என்னை உற்றுப் பார்த்தாள். "திரும்ப வாசிங்க" என்றாள். வாசித்தேன். "பைய" என்றாள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். உன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு அங்கே கட்டை விரலை வைத்தாள். வாழைக்கறை படிந்த விரல்.

"அப்பம் கொழம்பு இல்ல?"

"இல்ல தாயி. அதுக்கு முன்னாலயே ஒம்போது நாளு."

அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வாய் திறந்து உன்னைத் திட்டினாள். நான் அப்படி ஒரு திட்டு கேட்டதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் மண் வெட்டியவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "எங்கிட்டயுமாலே, பாவி, எங்கிட்டயுமா" என்று கேட்டு அப்புறம்தான் அழுதாள். செத்த பிள்ளையைத் திட்டக்கூடாது என்று அவள் இத்தனை நாளும் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தாள் போல.

அழுது முடித்துவிட்டு, "அது என்ன கெழம?" என்றாள்.

"செவ்வாக்கெழம."

"அன்னைக்குப் போன்ல கோழிக்கறின்னு சொன்னான். ரெண்டு துண்டு கூட வச்சாவன்னு சொன்னான். நீங்க கோழி போட்டியளா?"

"செவ்வாக்கெழமயா? புளிக்கொழம்பும் அப்பளமும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த நாள வாசிங்க, அன்னைக்கு என்ன புளுகுனான்னு பாப்போம்" என்றாள். புதன்கிழமை காலையில் ஆற்றோரம் வரை ஓடிவிட்டு வந்ததாக அவளிடம் சொல்லியிருக்கிறாய். அந்த நாளில்தான் நீ மருந்தறைப் படியில் உட்கார்ந்துவிட்டாய் என்று நோட்டில் இருக்கிறது. நீ எனக்குச் சொன்னதை நான் சொன்னேன், அவளுக்குச் சொன்னதை அவள் சொன்னாள். நர்ஸம்மா எழுதியதை நடுவில் வைத்து இரண்டையும் பொருத்திப் பார்த்தோம். எங்கேயும் பொருந்தவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனியாக ஒவ்வொரு நாளும் ஒரு நல்ல செய்தி தயாரித்திருக்கிறாய். அதற்கு எவ்வளவு மெனக்கெட்டிருப்பாய். அந்த மெனக்கேட்டில் ஒரு நாள் படுத்துத் தூங்கியிருக்கலாம்.

புறப்படும்போது உன் அம்மா, "புள்ளயக் கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி. நமக்கு நோகுமேன்னுதான் சொல்லாம இருந்துருப்பான்" என்றாள். பெற்றவள், அதற்குள் மன்னித்துவிட்டாள். எனக்குக் கோபம் இருக்கிறது, தம்பி. எழுத்து எழுதுகிறபோதெல்லாம் உன் கை என் கை மேல் இருப்பது போல இருக்கும். அந்தக் கை சுட்டதும் கூடவே நினைவுக்கு வரும். இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. இந்தக் கடிதத்தை எழுத இருபத்திரண்டு நாள் ஆயிற்று. இருபத்திரண்டு நாளும் அப்படித்தான் இருந்தது.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவள் கூட வந்தாள். "மாசம் ஒருக்க வாங்க. அவனத் திட்டதுக்கு எனக்கும் ஒரு தொண வேணும்லா" என்றாள். நோட்டை அவளிடம் கொடுக்கவில்லை, அது விடுதிச் சொத்து. ஆனால் பழைய பேப்பர்க் கட்டோடு போகாமல் என் பெட்டியில் வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏரலுக்குப் போகிறேன். அன்றைக்கு இருட்டுமுன் நாங்கள் பேசி முடித்தது நாலு நாள்தான். இன்னும் ஐந்து நாள் கிடக்கிறது.